உப்பளத்துக்கு வந்த பள்ளிக்கூடம்

சாலிகுளத்துப் பள்ளிக்கூடம் முதன்முதலாக நடந்தது, பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் கரும்பு கடித்த வாய்ப்புண்ணோடு திரும்பி வந்ததற்கு மறுநாள் காலையில் என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏன் நடந்தது என்று கேட்டால், "ஒரு புள்ளையத் தேடிப் போச்சு" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டவோ ரேஷன் கடைக்கோ கிளம்பிவிடுவார்கள்.

அந்தப் பிள்ளையின் பெயர் சுயம்புக்கனி. சாலிகுளத்துக்குக் கிழக்கே, செம்மணல் தேரிக்காட்டைத் தாண்டி, வானத்தைப் பெயர்த்துப் பாத்தி பாத்தியாகத் தரையில் பதித்ததுபோல் உப்பளங்கள் கிடக்கிற இடத்தில், உப்போடை என்று ஒரே வரிசை ஓலை வீடுகள் உண்டு. அந்த வரிசையின் கடைசி வீட்டில் அவள் தன் அப்பன் தவசிமுத்துவோடும் அம்மை பூரணத்தோடும் இருந்தாள். உப்போடையிலிருந்து ஆறாம் வகுப்புக்கு வந்த ஒரே பிள்ளை அவள்தான். பனையும் உடைமரமும் மண்டிய தேரிக்காட்டை அவள் தினமும் தனியாகத் தாண்டி வருவாள். வகுப்பில் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால், மற்ற பிள்ளைகள் முள்ளுக்காட்டில் நடப்பதுபோல் எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கால்வைக்க, அவள் மட்டும் ஈரமணலில் ஓடுவதுபோல் ஓடுவாள். அவள் வாசிக்கும்போது அடுத்த வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளும் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஜன்னல் கதவுகள்கூடக் காற்றில் அடித்துக்கொள்ளாமல் அமைதியாக இருக்கும் என்று தலைமையாசிரியை ஜெபமணி டீச்சர் பின்னாளில் சொன்னார்.

கார்த்திகையில் பூரணத்துக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஐப்பசி மழை இறங்கும்வரை வயிற்றுப்பிள்ளையோடு உப்புத்தண்ணீரில் நின்ற கால்கள் பாளம் பாளமாக வெடித்து, பிள்ளை பெற்றபின் புண் ஆறாமல் நீர் வடிந்துகொண்டிருந்தது. உப்பளத்தில் பாத்தியைப் புருசன் பொண்டாட்டி இருவருக்கும் சேர்த்துத்தான் விடுவார்கள். ஒரு ஆள் குறைந்தால் பாத்தி வேறு சோடிக்குப் போய்விடும், பாத்தி போனால் அதோடு வீடும் போய்விடும். மழை ஓய்ந்து தை மாதம் உப்பு விளையத் தொடங்கியதும் தவசிமுத்து சாலிகுளத்துக்கு வந்து, பள்ளிக்கூட வராண்டாவில் நின்று, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு பேசினான்.

"கனி இனிமே வரமாட்டா டீச்சர். பள்ளிக்கூடம் ரொம்பத் தூரமா இருக்கு. காட்டைத் தாண்டி ஒத்தையில வரணும். பொட்டப்புள்ள."

"இவ்வளவு நாளும் வந்தாளே அண்ணாச்சி?"

"இவ்வளவு நாளும் தூரந்தான் டீச்சர். சொல்லத் தெரியாம இருந்தேன்."

பாத்தியையும் பூரணத்தின் காலையும் பற்றி அவன் வாய்திறக்கவில்லை. தூரம் என்பது யாரையும் குறை சொல்லாத காரணம். அதைச் சொல்லிவிட்டு, சுவரிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையில் பிள்ளைகள் வந்தபோது பள்ளிக்கூடம் தன் இடத்தில் இல்லை. தெருவைக் கடந்து, கிணற்றடியைக் கடந்து, ஊரின் கீழ்க்கோடியில் பருத்திக்காட்டை ஒட்டி, வராண்டாவைக் கிழக்குப் பக்கமாக வைத்துக்கொண்டு நின்றது. பழைய இடத்தில் செவ்வகமாகப் புல் முளைக்காத தரை கிடந்தது. எப்போதும் சுவர் நிழலில் படுக்கும் மாடு அங்கேயே வெயிலில் படுத்துக்கொண்டு, நிழல் வரட்டும் என்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கொஞ்சநேரம் பார்த்தார்கள். பிறகு மணி அடிக்கவும் உள்ளே போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள், ஜெபமணி டீச்சர் வருகைப்பதிவு எடுத்தார்.

முதலில் குறைப்பட்டவள் சத்துணவு சமைக்கும் ரோசம்மாள்தான். சமையல்கூடம் பின்னாளில் வேறு திட்டத்தில் கட்டியது என்பதால், அது தன்னைப் பள்ளிக்கூடத்துக்கு உறவாக நினைக்காமல் பழைய இடத்திலேயே நின்றுகொண்டது. சாம்பார் அண்டாவைத் தலையில் தூக்கிக்கொண்டு அவள் ஊரைத் தாண்டி வரவேண்டியிருந்தது. "போறதுன்னா சொல்லிட்டுப் போகக்கூடாதா? அடுப்பையும் கூட்டிட்டுப் போனா என்ன கொறைஞ்சிரும்?" என்று அவள் சுவரைப் பார்த்துச் சத்தம்போட்டாள். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் பருத்திக்காட்டையும் தாண்டி, தேரிமணல் தொடங்குகிற இடத்துக்குப் போய்விட்டது.

அது நடந்ததை யாரும் பார்க்கவில்லை, ஒரு பனையேறியைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பனை உச்சியில் பாளை சீவிக்கொண்டிருந்தவர், கீழே மணல் சரசரக்கும் சத்தம் கேட்டுப் பார்த்ததாகச் சொன்னார். எப்படி நடந்தது என்று டீக்கடையில் எல்லாரும் கேட்டார்கள். "சினைமாடு ரோட்டைத் தாண்டுமே, அது மாதிரி. ரெண்டு பக்கமும் பாத்து, உள்ள இருக்கது அலுங்காம" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது பெண்கள் குரலைத் தணித்துக்கொண்டார்கள்.

வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். டேப் வைத்து நீள அகலம் அளந்தார். எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"யார் அனுமதியில இது நகர்ந்தது?" என்று கேட்டார்.

"நானும் விசாரிச்சேன் சார். பதில் சொல்லல" என்றார் ஜெபமணி டீச்சர்.

அதிகாரி நல்ல மனிதர். வராண்டாவில் உட்கார்ந்து மோர் குடித்தார், பிள்ளைகளிடம் வாய்ப்பாடு கேட்டார், போய்விட்டார். சில நாள் கழித்து, பள்ளி தற்சமயம் எங்கு உள்ளதோ அங்கேயே வழக்கம்போல் நடைபெறலாம் என்று உத்தரவு வந்தது. டீக்கடையில் அதைச் சத்தமாக வாசித்தார்கள். "கேட்டியளா, நடைபெறலாம்னு சர்க்காரே சொல்லிட்டு. இனிமே நாம என்னத்தச் சொல்ல?" என்றார் கடைக்காரர்.

ஆனாலும் ஊருக்கு மனம் ஆறவில்லை. அவர்கள் அப்பன்மார்கள் மண் சுமந்து கட்டிய பள்ளிக்கூடம் அது. கோயில் தேர்வடத்தை எடுத்துவந்து, ஜன்னல் கம்பிகளில் கோத்து, இரண்டு பனைமரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். பள்ளிக்கூடம் நகரவில்லை. ஆனால் கிழக்கே சாய்ந்தது. கரும்பலகையில் எழுதிய வரிகள் சரிந்தன, மேசையில் வைத்த சாக்பீஸ் உருண்டு கிழக்குச் சுவரில் போய் முட்டியது, பிள்ளைகள் பலகையோடு வழுக்கி ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள், தட்டில் ஊற்றிய சாம்பார் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. கதவுகள் சட்டத்தில் சிக்கி மூடாமல் போயின. சுவரெல்லாம் வேர்த்தது. கடைசியில், எல்லாரையும்விட அதிகமாகத் திட்டியிருந்த ரோசம்மாளே அண்டாவை இறக்கிவைத்துவிட்டு அரிவாளோடு வந்தாள்.

"கட்டிப்போட்ட மாடு பால் சுரக்குமாய்யா? எந்தப் புள்ளைய நெனச்சு உருகுதோ, போகட்டும். நம்ம புள்ளையளை நாம கூட்டிட்டுப் போவோம்" என்று வடத்தை அறுத்துவிட்டாள். கோயில் வடத்தை அறுத்ததற்கு அவளிடம் யாரும் அபராதம் கேட்கவில்லை.

அப்படித்தான் தேரிக்காட்டில் பாதை விழுந்தது. பள்ளிக்கூடம் முன்னால் போக, காலையிலும் மாலையிலும் தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனார்கள். அவர்களுக்காக டீக்கடைக்காரர் தள்ளுவண்டியைப் பனைமூட்டு நிழலில் போட்டார். பதனீர் விற்கிறவர்கள் அங்கேயே வந்து உட்கார்ந்தார்கள். ஆடு மேய்க்கிறவர்களும் அந்த வழியே வந்தார்கள். தனியாகப் போனால் பேய் அடிக்கும் என்று பேர்பெற்ற காடு, பேச்சுச்சத்தமும் சுண்டல் வாசனையுமாகி, அச்சம் என்பதே அங்கே இருந்ததில்லை என்பதுபோல் ஆகிவிட்டது.

உப்பளத்தில் கனி அப்போது வாருபலகை பிடித்துக்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன்னால் பாத்தியில் இறங்கி, படிந்த உப்பை நீளக்கம்பு மாட்டிய பலகையால் உடைத்து, இழுத்து, வரப்போரம் சேர்க்கவேண்டும். வெயில் ஏறினால் மேலே ஒரு சூரியனும் காலடியில் ஒரு சூரியனுமாகக் கண் கூசும். பலகையை இழுக்கிற வீச்சுக்கு அவள் ஆறாம் வகுப்புத் தமிழ்ப்பாடத்தை மனசுக்குள் வாசித்துக்கொண்டே இருந்தாள். முதலில் முழுப்பாடமும் வந்தது. பிறகு நடுவில் ஒரு வரி வரவில்லை. பிறகு அந்த வரிக்கு மேலும் கீழுமாகக் கரைந்துகொண்டே போனது.

ஒருநாள் மேல்காற்றில் மணிச்சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்து வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டின் சத்தம். அவள் கை நின்றது.

"என்னட்டி, கை நின்னுட்டு?" என்றாள் அடுத்த பாத்தியில் வாரிக்கொண்டிருந்த மாடத்தி.

"ஒண்ணுமில்ல அத்தை."

அடுத்த வாரம் இன்னும் பக்கத்தில் கேட்டது. உப்போடைப் பெண்களுக்கு விசயம் வந்துசேர்ந்திருந்தது. அது யாரைத் தேடி வருகிறது என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். கனிக்குத் தெரியும். அவளுக்குச் சந்தோசம் வரவில்லை. எல்லார் முன்னாலும் பேர் சொல்லி எழுப்பி நிறுத்தியதுபோல் முகம் சுட்டது. தலைத்துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வேகவேகமாக வாரினாள்.

மாசிமகம் கழிந்த காலையில், உப்பைக் குவித்து வைத்த அம்பாரத்துக்குப் பக்கத்தில், அகலமான பெரிய வரப்பின்மேல் பள்ளிக்கூடம் நின்றது. செம்மணல் படிந்த சுவரும் கழன்று தொங்கும் ஓர் ஓடுமாக, வெகுதூரம் வந்த களைப்போடு, சாய்வு மட்டும் இன்னும் நிமிராமல் நின்றது. கங்காணி ஓடிவந்தார். "யாரைக் கேட்டு வரப்புல ஏறிச்சு? வரப்பு உடைஞ்சா யாரு பதில் சொல்லுவா?" என்று சுற்றிச்சுற்றி வந்து கத்தினார். பள்ளிக்கூடத்திடம் இதையெல்லாம் கேட்க முடியாது என்பது அவருக்குச் சீக்கிரமே விளங்கியது. வெயில் உச்சிக்கு ஏறியது. கண்ணுக்கு எட்டியவரை நிழல் என்று ஒன்று இல்லாத இடம் அது. சனங்கள் தங்கள் தலைத்துண்டின் நிழலில்தான் சோறு தின்பார்கள். வராண்டாவில் முதலில் போய் உட்கார்ந்தவர் கங்காணிதான். பிறகு எல்லாரும் தூக்குச்சட்டியோடு வந்து உட்கார்ந்தார்கள். உள்ளே ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடக்க, வெளியே பெண்கள் முந்தானையை விரித்துக் கொஞ்சநேரம் கண்ணயர்ந்தார்கள். உப்பளம் உண்டான நாள்முதல் அங்கே யாரும் மத்தியானத்தில் தூங்கியதில்லை.

ஜெபமணி டீச்சர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரப்புவழியே கனியிடம் வந்தார்.

"கனி, நாங்க வந்துட்டோம். இனி நீதான் வரணும்."

"நான் வரமாட்டேன் டீச்சர்" என்றாள் கனி, நிமிராமல். "நான் உள்ள வந்தா அம்மை இதுல எறங்கணும். அவ காலைப் பாத்திருக்கியளா?"

டீச்சர் அவள் கையைப் பார்த்தார். பலகைக் கம்பு பட்டுக் காய்த்து, உப்பேறி, கிழட்டுக் கையாக இருந்தது. டீச்சர் அங்கிருந்து தவசிமுத்துவிடம் போனார்.

"இப்ப தூரமில்லையே அண்ணாச்சி."

"தூரமில்ல" என்றான் அவன் வாரிக்கொண்டே. பிறகு பூரணத்தின் காலைச் சொன்னான், கைக்குழந்தையைச் சொன்னான், சோடி உடைந்தால் பாத்தி போய்விடும் என்றான். எல்லாவற்றுக்கும் டீச்சர் தலையாட்டினார். எல்லாம் உண்மைதான். சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் அவன் பலகையை நட்டமாக நிறுத்தி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான்.

"நானும் இவ வயசுக்கு முந்தியே இதுல எறங்கினவன்தான் டீச்சர். எங்க அம்மை கையப் புடிச்சு எறக்கிவிட்டா. எனக்கும் அன்னைக்குப் படிக்கணும்னு ஆசைதான். அழுதேன். எனக்குன்னு எந்தப் பள்ளிக்கூடமும் ஒரு எட்டு எடுத்து வைக்கலையே."

காற்றில் உப்புத்தண்ணீர் சின்னதாகச் சுருங்கி விரிந்தது.

டீச்சர் வரப்புவழியே திரும்பி நடந்து, கழற்றி வைத்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அப்பனுக்கு எதிலாவது ஆசை இருந்திருக்கும் என்று அவள் அதுவரை நினைத்ததே இல்லை. அன்று மாலைவரை அவர்கள் இருவரும் ஒரே பாத்தியில் எதிரெதிராக வாரினார்கள்.

பள்ளிக்கூடம் காத்துக்கொண்டு நின்றது. உப்புக்காற்று அதைத் தின்னத் தொடங்கியது. ஜன்னல் கம்பிகள் துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்தன. சுவரின் அடிப்பக்கம் ஈரம் ஏறி, காரை பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளையாக உப்புப் பூத்து நீர் வடிந்தது. மத்தியானச் சோற்றுக்கு அதன் பக்கத்தில் உட்கார்ந்தபோது கனி அதைப் பார்த்தாள். ரொம்பநேரம் பார்த்தாள். உப்போடைக்கு நல்லதண்ணீர் லாரியில்தான் வரும். ஆளுக்கு இத்தனை குடம் என்று பங்கு. மறுநாள் அவள் தன் குளிக்கிற பங்கை ஒரு குடத்தில் இடுப்பில் சுமந்துகொண்டு வந்து, குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, சுவரின் அடியை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

பெண்கள் சோற்றுக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ போய்ச் சொல்லியிருக்கவேண்டும். பூரணம் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு விந்தி விந்தி வரப்புவழியே வந்தாள்.

"ஏட்டி, நல்லதண்ணியக் கொண்டாந்து என்ன செய்யுத?"

"இதுக்கும் உன் காலு மாதிரியே ஆயிட்டும்மா."

பூரணம் சுவரைப் பார்த்தாள். குழந்தையை மாடத்தியின் மடியில் போட்டுவிட்டு மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெடிப்பை விரலால் தொட்டுப்பார்த்தாள். வலிக்கும் இடம் எது என்று தெரிந்தவளாக அதைச் சுற்றி மட்டும் கழுவினாள். கொஞ்சநேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "இது இங்கன நின்னா கரைஞ்சுபோகும்டி. நீயும்தான்" என்றாள். குடத்திலிருந்து இன்னொரு கை தண்ணீர் அள்ளினாள்.

மாடத்தி மடியில் கிடந்த குழந்தையை ஆட்டிக்கொண்டே, வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டு, பொதுவாகச் சொன்னாள்.

"இந்த நெழல்ல எத்தனை நாளா உக்காந்து திங்கோம்? ஓசி நெழல் ஒடம்புல ஒட்டுமா? வாடகை குடுக்கணும்லா."

"யாருக்குக் குடுக்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பூரணத்துப் பாத்திய ஆளுக்கு ஒரு வரிசை வாரிவிடுவோம். நமக்கு ஒரு வரிசை கூடுனா கை ஒடிஞ்சா போகும்? மைனி காலு ஆறட்டும். இவ உள்ள போகட்டும்."

எல்லாரும் கங்காணியைப் பார்த்தார்கள். அவர் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறக்காமலே, "பாத்தி வாரியாச்சுன்னா எனக்குப் போதும். யாரு கை வாரிச்சுன்னு உப்புக்குத் தெரியவா போகுது?" என்றார்.

பிறகு எல்லாரும் தவசிமுத்துவைப் பார்த்தார்கள். அவன் தூக்குச்சட்டியைக் கழுவி மூடினான். எழுந்து போய்க் கனியின் வாருபலகையை எடுத்துக்கொண்டான். பாத்திப் பக்கமாக நாலடி போனவன் நின்றான்.

"காலைக் கழுவிட்டுப் போ" என்றான். "உப்போட உள்ள போகாத."

குடத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. பூரணம்தான் ஊற்றினாள்.

கனி உள்ளே போனபோது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நகர்ந்து வழிவிட்டார்கள். அவள் இடத்தை யாரும் எடுத்துக்கொண்டிருக்கவில்லை. டீச்சர் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் எழுந்து நின்றாள். எழுத்துகள் தெரிந்தன, ஆனால் வெயிலில் கூசிக் கூசிப் பழகிய கண்ணுக்கு அவை ஊர்ந்தன. முதல் வரியிலேயே தடுக்கினாள், இரண்டாவதில் திணறினாள், மூன்றாவதில் நிறுத்திவிட்டாள். பிள்ளைகள் காத்திருந்தார்கள். வெளியே வராண்டாவில் பெண்கள் காத்திருந்தார்கள். பாத்தியில் பலகைச் சத்தம் நின்றிருந்தது. கனி முதல் வரியிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள். அந்தமுறை தடுக்கினாலும் நிற்கவில்லை. பக்கத்தின் பாதிக்கு வந்தபோது குரல் தன் வழியைக் கண்டுபிடித்துவிட்டது; பக்கத்தின் முடிவுக்கு வந்தபோது, வடம் கட்டிய நாளிலிருந்து சட்டத்தில் சிக்கி மூடாமல் கிடந்த கதவுகள் எல்லாம், யாரோ பெருமூச்சு விட்டதுபோல், மெல்ல வந்து நிலையில் பொருந்தின. சாக்பீஸ் மேசையில் உருளாமல் கிடந்தது.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் அவள் வராண்டாவில் உட்கார்ந்து அன்றைய பாடத்தைச் சத்தமாக வாசித்தாள். பெண்கள் கேட்டுக்கொண்டே தின்றார்கள். தவசிமுத்து மட்டும் வராண்டாவில் ஏறமாட்டான். வெளியே சுவரோரம் மற்றப்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒருநாள் மாலை வீட்டுக்குப் போகும் வழியில், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்த ராசா கோட்டைக்குள்ள மாட்டிக்கிட்டானே. பெறகு வெளிய வந்தானா இல்லையா?" என்று கேட்டான். அது வரலாற்றுப் பாடம். "நாளைக்குத்தான்ப்பா தெரியும்" என்றாள் கனி. மறுநாள் அவன் மற்றவர்களுக்கு முன்னாலேயே சோற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

ஐப்பசியில் மழை வந்து பாத்திகளெல்லாம் மூழ்குவதற்கு முன்னால், பள்ளிக்கூடம் வரப்பிலிருந்து இறங்கி, தேரிமணல் மேட்டில் இரண்டு ஊருக்கும் நடுவே போய் நின்றுகொண்டது. அதன் சுவர்கள் அங்கே உலர்ந்தன. சாலிகுளத்துக்காரர்கள் காரை பூசி வெள்ளையடித்தார்கள். உப்போடையிலிருந்து இன்னும் சில பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். சமையல்கூடத்தை மட்டும் செங்கல் செங்கலாகப் பிரித்துச் சுமந்துவந்து ரோசம்மாள் பக்கத்திலேயே கட்டிக்கொண்டாள். அடுத்த தையில் உப்பு விளைந்தபோது வரப்பில் நிழல் இல்லை. பூரணத்தின் கால் பாதிதான் ஆறியிருந்தது. மாடத்தி தன் பாத்தியை முடித்துவிட்டுப் பூரணத்தின் பாத்தியில் ஒரு வரிசைக்கு இறங்கினாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். "நெழல்தான் போயிட்டே?" என்று கங்காணி கேட்டதற்கு, "கதை முடியலையே" என்றாள் அவள். கனி மத்தியானம் ஓட்டமாக ஓடிவந்து, வெயிலில் வரப்பில் நின்று, வாசித்துவிட்டுப் போனாள்.

இப்படியே ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் முடிந்தன. ஒன்பதுக்கு டவுனில் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும். அது மூன்று மாடி. உப்போடைக்காரர்கள் கவலைப்படவில்லை. வைகாசி பிறந்ததும் வீடுகளுக்குப் பின்னால் முள்ளை வெட்டி, மேடு தட்டி, மூன்று மாடி நிற்க வேண்டிய அளவுக்கு இடம் திருத்தி வைத்தார்கள். ரோசம்மாள் வந்து பார்த்துவிட்டு, வாசல் வரும் என்று நினைத்த பக்கமாகத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாள். தினமும் காலையில் எழுந்ததும் எல்லாரும் மேற்கே பார்த்தார்கள்.

அது வரவில்லை. "அத்தனை மாடியத் தூக்கிட்டு லேசுல நடக்க முடியுமா, பைய வரும்" என்றார் கங்காணி. "ரெயில்வே கேட்டுல நிக்கும்" என்றாள் மாடத்தி. பள்ளி திறக்கும் நாள் நெருங்கியது. திருத்திய இடத்தில் ஆடுகள் வந்து படுக்கத் தொடங்கின.

"வரலையேட்டி" என்றான் தவசிமுத்து. வருமென்று எல்லாரையும்விட அவன்தான் அதிகமாக நம்பியிருந்தான்.

"வராதுப்பா" என்றாள் கனி. "அதுக்கு நம்மளத் தெரியாது. நாமதான் போகணும்."

அவள் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தலைவாரப் போனாள். பூரணம் சீவி, இரட்டைப்பின்னல் போட்டுவிட்டாள். தவசிமுத்து சலவைச்சட்டை போட்டுக்கொண்டான். சாலிகுளத்தில் முதல் பஸ் ஏறி, கூட்டத்தில் நின்றுகொண்டே டவுனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெரிய பள்ளிக்கூடத்தின் கேட்டுக்கு வெளியே அவன் நின்றுவிட்டான். உள்ளே அவ்வளவு பிள்ளைகள், அவ்வளவு சைக்கிள்கள். "நான் இங்கனயே இருக்கேன். பள்ளிக்கூடம் விடுத வரைக்கும் இருப்பேன்" என்றான். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். கட்டடம் சலனமில்லாமல் நின்றது. படிக்கட்டுகள் அவளுக்காகத் தாழவில்லை, கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு எங்கே என்று மூன்று பேரிடம் கேட்டு, இரண்டாம் மாடிக்கு ஏறி, கடைசிப் பெஞ்சில் இடம் பிடித்தாள்.

வகுப்பாசிரியர் ஒவ்வொருவராக எழுப்பி ஊர், பேர் கேட்டுக்கொண்டு வந்தார். அவள் முறை வந்தது.

"சுயம்புக்கனி. உப்போடை."

"உப்போடையா? அது எங்கம்மா இருக்கு?"

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அங்கேயிருந்து அந்தப் பள்ளிக்கு இதுவரை யாரும் வந்ததில்லை. சுவரில் மாவட்டப் படம் ஒன்று மாட்டியிருந்தது. கனி பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து அதன் முன்னால் போய் நின்றாள். சாலிகுளம் ஒரு புள்ளியாக இருந்தது. அதற்குக் கிழக்கே கடலின் நீலம் தொடங்கும்வரை ஒன்றும் அச்சிடாத வெறும் வெள்ளை.

"இங்கன இருக்கு சார்" என்று அந்த வெள்ளையில் விரலை வைத்தாள். கடைசிப் பெஞ்சில் இருக்கிறவர்களும் எழுந்து பார்த்து முடிக்கிறவரை விரலை எடுக்கவில்லை.